பலகை இல்லாத சோற்றுக்கடையும் என் பெருங்குடலும்

சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்பார்கள். நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பேன். ஆறு வருடமாக இதுதான் என் முதல் கேள்வி. வெட்கமெல்லாம் முதல் வருடத்தோடு போய்விட்டது.

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெயரைச் சொன்ன உடனே, "ஓ, அல்சரா? நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்பார்கள். அது வேறு, இது வேறு. அது இரைப்பைப் பக்கம் வருவது. இது கீழே, பெருங்குடலில். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்கிவிடுகிறது. மலக்குடலில் ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேலே ஏறும். எனக்கு இடது பக்கம் முழுக்க ஏறியிருக்கிறது. கிளம்பிவிட்டால் ரத்தமும் சளியுமாக நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட வேண்டும். போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே முக்கும். அடங்கிவிட்டாலோ, மாதக்கணக்கில் நான் நோயாளி என்று எனக்கே மறந்துவிடும். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2020-ல் பதவி விலகியது இந்த நோயால்தான். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

என் வேலையும் இந்த நோய்க்கு ஏற்றதில்லை. நண்டு வலை, நைலான் கயிறு, மிதவை இதற்கெல்லாம் கடை கடையாக ஆர்டர் எடுப்பவன் நான். தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று வாரத்துக்கு ஒரு சுற்று, பைக்கில். இந்தக் கடற்கரையில் எந்தப் பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளிவாசலில் கேட்டால் திறந்துவிடுவார்கள், எந்தப் பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட போக முடியாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாப்பாடுதான் பிரச்சினை. நம் ராமநாதபுரம் ஜில்லா குண்டு மிளகாய்க்குப் பேர்போன ஊர். 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. அந்த மிளகாயை வறுத்து அரைக்காத மீன் குழம்பை இங்கே எந்தக் கடையில் தேடுவது? நானே அந்தக் குழம்பில் வளர்ந்தவன்தான். இப்போது எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நான் வாசலில் போய் உட்கார்ந்து வாசனையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். அதனால் சுற்றுக்குப் போகும் நாளெல்லாம் மதியத்துக்கு பன், வாழைப்பழம், டீ என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு நாள். தென்கடல் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மண்டபத்தில் ஆர்டர் முடித்துத் திரும்பும்போது வேதாளைப் பக்கம் வயிறு ஒரு சுருட்டுச் சுருட்டியது. எங்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் ஐந்து நிமிடம்தான் கையில். தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். ஓட்டுச் சார்ப்பு இறக்கிய ஒரு வீட்டின் முன்னால் இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, வாழை இலைக் கட்டு. பெயர்ப்பலகை கிலகை ஒன்றும் இல்லை. தலையில் முக்காடு போட்ட அம்மா ஒருவர் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். நான் முகத்தைக் காட்டியதுதான் தாமதம். "கொல்லைல இருக்கு, அந்தா ஆணில சாவி தொங்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார். பேச்சே இல்லை.

கழிப்பறையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரை, காய்ந்த தரை. இரண்டு வாளி நிறையத் தண்ணீர், மொண்டு எடுக்க ஒரு நல்ல மக். உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. ஒரு மூலையில் சோப்பு, பாதி கரைந்தது, ஆனால் இருந்தது. ஏசி போட்ட ஓட்டல்களில் எனக்கு இந்த ஐந்தும் ஒன்றாக அமைந்ததில்லை. மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்குப் பத்து இங்கேயே கொடுத்துவிடுவேன்.

வெளியே வந்ததும் சும்மா போவது மரியாதையில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். "வயித்துல என்ன தம்பி செய்யுது?" என்றார். சொன்னேன். வழக்கம்போல அல்சர் என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டார். திருத்திச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பேரு என்னமோ இருக்கட்டும், எது எது ஆகாதுன்னு சொல்லுங்க" என்றார். ஆறு வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் எது சாப்பிட்டால் குணமாகும் என்று எனக்குச் சொன்னவர்கள். சோற்றுக்கற்றாழை, கோதுமைப் புல், வில்வக்காய், ஒருத்தர் நாற்பது நாள் வெறும் மோர் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019-ல் முதன்முதலாக ரத்தம் போனபோது மூலம் என்று ஒருவர் மூன்று மாதம் மருந்து கொடுத்தார். அப்புறம் இன்னொருவர் சீதபேதி என்று மாத்திரை எழுதினார். எடை பதினொரு கிலோ இறங்கியது. கடைசியில் மதுரையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்துத்தான் பெயர் வைத்தார்கள். அந்த டாக்டர் அன்றைக்குச் சொன்னது எனக்கு இன்னும் உதவுகிறது. இது சாப்பாட்டால் வந்த நோய் இல்லை, சாப்பாட்டால் மட்டும் போகவும் போகாது. மெசலமைன் மாத்திரைதான் புண்ணை ஆற்றும். சாப்பாடு செய்வதெல்லாம் ஆறிக்கொண்டிருக்கிற புண்மேல் உரசாமல் பார்த்துக்கொள்வது. 2021-ல் நன்றாக இருக்கிறதே என்று இரண்டு மாதம் மாத்திரையை விட்டேன். பத்தியம் மட்டும் பிசகாமல் இருந்தேன். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி. அதற்கப்புறம் மாத்திரைப் பட்டை சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை.

எது ஆகாது என்பதை யாரும் அச்சடித்துத் தர முடியாது. நான் ஆர்டர் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்: தேதி, என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன். எட்டு மாதம் எழுதிய பிறகு ஒரு கணக்கு பிடிபட்டது. சுண்டல், கொத்தவரங்காய், பச்சை வெங்காயம், எண்ணெயில் பொரித்தது எல்லாம் எனக்கு எதிரி. காரம், சொல்லவே வேண்டாம். பால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. மதுரையில் என்னோடு சேர்ந்து காட்டிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியருக்கு அரை டம்ளர் பால் போதும், வயிறு உப்பிவிடும். அவரோ மிளகு ரசம் குடிக்கிறார், நான் குடித்தால் தொலைந்தேன். அப்புறம் இன்னொன்று, நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் சாப்பாடு வேறு. புண் கிளம்பியிருக்கும்போது நார், தோல், விதை மூன்றையும் தள்ளி வைத்தால் குடலுக்கு வேலை குறையும், ஓட்டமும் குறையும். அடங்கியிருக்கும்போதும் அதையே பிடித்துக்கொண்டு கீரையும் காயும் இல்லாமல் வெறும் வெள்ளைச் சோறாகவே தின்றால் உடம்பு வற்றிப்போகும். ரத்தம் போகிற ஆளுக்கு இரும்புச் சத்தும் சேர்ந்து குறையும். இந்த இரண்டாவதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பயத்தில் ஒரு வருடம் இட்லியும் தயிரும் மட்டும் தின்றவன் நான்.

இவ்வளவையும் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் சொன்னேன். மீன் செதில் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவரை லாத்தா என்று கூப்பிடுகிறார்கள். அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். "இடியாப்பம் இருக்கு. பாலாணம் வச்சுத் தாரேன், கால் மணி நேரம் இருப்பியளா?" என்றார். ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. பாலாணம் தேங்காய்ப்பாலில் வைப்பது.

அவர் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேங்காயைத் துருவி முதல் பாலைப் பிழிந்து தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். "இது கனம். மத்தவகளுக்கு ஊத்திக்கிறேன்." இரண்டாம் பால், மூன்றாம் பால் மட்டும் சட்டிக்குப் போனது. ஒரு துண்டு இஞ்சி தட்டியது, நாலு பூண்டு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் சீரகத்தூள். சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுசாகப் போட்டு, வெந்து குழைந்ததும் கரண்டியால் நசுக்கிச் சக்கையை எடுத்துவிட்டார். பச்சை மிளகாயைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். கடைசியில் தோலுரித்த ஊளி மீன் துண்டு இரண்டு, கொதி வரும்போது போட்டு மூடி, ஐந்து நிமிடத்தில் இறக்கினார். புளி இல்லை. எலுமிச்சை பிழியலாமா என்று கேட்டார். நாலு சொட்டு என்றேன்.

வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு நிறம். இடியாப்பத்தை அதில் ஊறவிட்டு மீனைப் பிட்டால் விரலிலேயே இதழ் இதழாக வந்தது. நோயாளிச் சாப்பாட்டுக்கு உள்ள அந்தச் சப்பை வாசனை இல்லை. காரம் இல்லாமல் ருசி வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருந்தால் வரும். மிளகாய் இல்லாத குழம்பில் பழைய மீனை ஒளிக்க முடியாது. ஐந்து இடியாப்பம் சாப்பிட்டேன். 60 ரூபாய். அன்று மாலை தேவிபட்டினம் போகும் வரை வயிறு வாய் திறக்கவில்லை.

அதிலிருந்து வாரம் ஒரு நாள் அங்கேதான் மதியச் சாப்பாடு. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது போன் செய்துவிட்டுப் போகிறேன். "இன்னைக்கு நல்ல நாளா, மத்த நாளா?" என்று கேட்பார். மத்த நாள் என்றால் பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, பாசிப்பருப்பைக் கரைத்து, கஞ்சியாகத் தருவார். பக்கத்தில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த மீன், நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழம். நல்ல நாள் என்றால் முருங்கைக்கீரை, பூசணிக்காய், எப்போதாவது மாசிக் கருவாடு போட்ட ஆணம்கூட உண்டு. மாசி எனக்கு ஆகிறது. ஏன் ஆகிறது என்று தெரியவில்லை, ஆராயவும் போவதில்லை.

தண்ணீரைப் பற்றி நான் முதல் மாதமே கேட்டேன். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர்ப்பு. சமைக்கவும் குடிக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான், குடத்தில் பிடித்து மூடி வைக்கிறார். எனக்குக் கொடுப்பது கொதிக்க வைத்து ஆறியது, சீரகம் போட்டது. அதற்குத் தனியாக ஒரு சில்வர் செம்பு.

இனி குறைகள். இருக்கின்றன.

கடை எப்போது திறக்கும் என்பது அல்லாஹ்வுக்கும் லாத்தாவுக்கும் மட்டும் தெரியும். மருமகள் ஊருக்குப் போனால் கடை கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு மேல்தான் இலை போடுவார்கள். மாத்திரையை வைத்துக்கொண்டு பசியில் காத்திருக்க என்னால் முடியாது. நோன்பு மாதம் முழுக்கப் பகலில் அடுப்பு எரியாது. (அந்த மாதம் சாயங்காலம் போனால் நோன்புக் கஞ்சி கிடைக்கும். அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் கரைய வெந்த அந்தக் கஞ்சியை என் குடலுக்காகவே கண்டுபிடித்தார்களோ என்று நினைப்பேன். ஆனால் எனக்குக் கறித்துண்டும் மசாலாவும் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.) சாப்பாடும் வேகமாக வராது. அவசரமாகப் போகிறவர்கள், ராமேஸ்வரம் தரிசன நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தத் தெருவுக்குள் திரும்பவே வேண்டாம். பெஞ்சு ஒன்று ஆடும். மத்தியானம் ஈ அதிகம். சாம்பிராணி போடுகிறார், அது ஈயைவிட நம்மைத்தான் விரட்டுகிறது.

இன்னொரு குறை மருமகள் சமைக்கும் நாள். நல்ல பெண், கைப்பக்குவமும் உண்டு, ஆனால் அவளுக்குக் காரம் என்றால் மிளகாய் மட்டும்தான். மிளகை அவள் காரக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "மொளகா போடலண்ணே" என்று சத்தியம் செய்து ஒரு நாள் மீன் கொடுத்தாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. இலையை மூடிவிட்டு வெறும் சோற்றைத் தயிரில் கரைத்துக் குடித்தேன். அதனால் மருமகள் அடுப்படியில் இருந்தால் நான் நேரே போய் ஒவ்வொரு பொடியாகக் கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மீன் எப்போதும் ஒரே மீனாக இருக்காது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். லாத்தாவின் தம்பி வத்தை என்கிற நாட்டுப்படகில் மீனுக்குப் போகிறவர். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நேரம் பெரிய ஓட்டல்களில் ஐஸில் கிடந்த மீன் வரும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் இங்கே கொஞ்சமாவது புது மீன் இருக்கும், விலை மட்டும் ஏறும். ஊளியோ விளைமீனோ பாறையோ, வந்ததுதான். நண்டும் கணவாயும் எனக்குத் தரவே மாட்டார். நான் ஒரு தடவை கணவாய் கேட்டேன். "ரப்பர் மாரி இருக்கும், அது ஒங்க கொடலுக்கு எதுக்கு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது ருசிக்காகக்கூட இல்லை, இந்த மறுப்புக்குத்தான். இந்த மாசி மாதம் ஒரு நாள் பசியோடு போய் நின்றேன். சட்டியில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது, வாசனை தெரு முனை வரை. இலையைக்கூட எடுக்கவில்லை அவர். "இன்னைக்கு வேணாம் தம்பி. மீனு நேத்துது. மத்தவக சாப்புட்டா ஒண்ணும் செய்யாது, ஒங்களுக்கு நான் போட மாட்டேன்" என்றார். இரண்டு முட்டையை அவித்து, சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்து 30 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். சட்டியில் என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிற கடைதான் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும். டயட் மெனு என்று தனி அட்டை போட்டு, எல்லாவற்றிலும் அதே மசாலாவைக் கொஞ்சம் குறைத்துப் போடுகிற இடங்களில் நான் பட்ட பாடு போதும்.

அப்படிப் பட்டதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போன சித்திரையில் சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. தங்கச்சிமடம் பக்கம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், நண்டு மசாலா வாங்கினார்கள். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. ஒரு கால் மட்டும் என்று எடுத்தவன் நான்தான். ஒரு கால் மூன்று கால் ஆயிற்று. திரும்பும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பக்கத்தில் புது ரயில் பாலம் திறந்த நாளிலிருந்து, நடுவில் தூக்கும் பகுதியைப் பார்க்க ஆளாளுக்கு ஓரமாக நிறுத்தி செல்பி எடுக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். எனக்குச் சுருட்ட ஆரம்பித்தது பாதிப் பாலத்தில். ராமநாதபுரம் ஜில்லாவில் எங்கே நின்றாலும் ஒதுங்க ஒரு கருவேலங்காடு இருக்கும்; அங்கே மட்டும் இல்லை. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல், நடுவில் நான். மைத்துனர் மகன் "மாமா, ட்ரெயின் வருது பாருங்க" என்று காரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். பாலம் இறங்கியதும் காரை வேதாளைக்கு விடச் சொன்னேன். கடை பூட்டியிருந்தது. ஆனால் சாவி ஆணியில் தொங்கியது.

அந்தத் தடவை மூன்று வாரம் படுத்தியது. டாக்டர் மலத்தில் கால்ப்ரொடெக்டின் சோதனை, அதாவது குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சோதனை, எடுத்துப் பார்த்து, மாத்திரையைக் கூட்டி, ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் சேர்த்தார். நண்டால்தான் வந்ததா, வரவேண்டிய நேரத்தில் நண்டு வந்து மாட்டிக்கொண்டதா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று வாரமும் லாத்தா கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றி மண்டபம் வண்டியில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பினார். கணக்குப் பார்த்தபோது அதற்குக் காசு எழுதியிருக்கவில்லை. நான் ஒரு சுருள் நைலான் கயிற்றைக் கொண்டுபோய்த் தம்பியின் வத்தைக்கு என்று வைத்துவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ராமநாதபுரத்திலிருந்து வந்தால் உச்சிப்புளி தாண்டி, மண்டபத்துக்கு முன்னால் தென்கடல் பக்கம் திரும்ப வேண்டும். பலகை இல்லாததால் சோற்றுக்கடை லாத்தா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பன்னிரண்டரைக்கு முன்னால் போனால் உங்களுக்கென்று தனியாக வைத்துத் தர நேரம் இருக்கும். ஒரு மணிக்கு மேல் மீன் இறங்குதளத்து ஆட்கள் வந்துவிடுவார்கள், அப்புறம் எல்லோருக்கும் ஒரே சட்டிதான். சோறும் மீன் ஆணமும் 90 ரூபாய், பாலாணத்துக்கு 10 கூட. சில்லறை கொண்டு போங்கள், காற்று அடிக்கிற நாளில் போனில் சிக்னல் எடுக்காது, பணம் போகாது. சாவி அடுப்படிக் கதவுக்கு இடது பக்கம், தேங்காய் துருவிக்கு மேலே. திரும்ப அதே ஆணியில் மாட்டிவிடுங்கள்.